பெயர் தெரிந்தும் கிடைக்காத நூல்

சி. வை. தாமோதரம் பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையை நச்சினார்க்கினியர் உரையோடு முதன்முதலாக அச்சில் கொண்டுவந்தார். அந்தப் பதிப்பின் பக்கங்களைத் தன் கண்ணால் பார்க்க விரும்பும் முதுகலை மாணவர் ஒருவர் இன்று முதலில் செய்வது, கைப்பேசியை எடுத்து ஏதேனும் ஒரு மின்னூலகத்தின் தேடல் பெட்டியில் ‘தாமோதரம்பிள்ளை கலித்தொகை 1887’ என்று தட்டுவதுதான். ‘முடிவுகள் எவையும் இல்லை’ என்று திரை காட்டினால், அந்த நூல் இன்னும் மின்னாக்கம் பெறவில்லை என்று எண்ணி, பிற்காலப் பதிப்பொன்றை வைத்துக்கொண்டு அவர் ஆய்வேட்டை எழுதி முடித்துவிடுவார். ஆனால் திரை சொன்ன செய்தி மிகச் சிறியது. இந்தத் தளத்திலுள்ள நூல்விவரக் குறிப்புகளில், நீங்கள் தட்டிய எழுத்துகள், நீங்கள் தட்டிய அதே வரிசையில் இல்லை என்பதே அதன் பொருள். நூல் இல்லை என்பதற்கும் அந்த எழுத்துக்கோவை இல்லை என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கத் தெரிவதே மின்னூலகத் தேடல் என்ற கல்வியின் பெரும்பகுதி. நம் பல்கலைக்கழகங்களில் இது பாடமாக அரிதாகவே நடத்தப்படுகிறது. தமிழ் மாணவர்களுக்கோ மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஏன் கூடுதலாக என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

எல்லாத் தேடல் பெட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அவை எதற்குள் தேடுகின்றன என்பதில்தான் வேறுபாடு. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டெழுதிய நூல்களின் தொகுப்பு. அங்கே ஒரு செய்யுளின் அடி, ஒரு சொல், ஓர் ஊர்ப்பெயர் ஆகியவற்றைக் கோப்பைத் திறந்து நூலின் உள்ளேயே தேட முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017ஆம் ஆண்டு தொடங்கிய தமிழிணையம் மின்னூலகத்தில் பெரும்பாலும் இருப்பவை அச்சுப் பக்கங்களின் ஒளிப்படங்கள். அங்கே நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு முதலான விவரங்களில்தான் தேடல் நடக்கும்; 200ஆம் பக்கத்திலுள்ள ஒரு சொல்லை அந்தப் பெட்டி அறியாது. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்திவரும் நூலகம் திட்டமோ, ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண்ணும் தனிப் பக்கமும் அளித்து, எழுத்தாளர்வாரியாகவும் பதிப்பாளர்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் உலவிச் செல்ல வழிசெய்திருக்கிறது. சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் இணையப் பட்டியல், நூல் தன்னிடம் இருக்கிறதா என்பதைத் தெரிவிக்கும். இருப்பதாகச் சொல்லும் எல்லா நூலையும் திரையில் திறந்து காட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வேர்ல்டுகேட் என்பது உலகெங்குமுள்ள நூலகப் பட்டியல்களின் கூட்டுப் பட்டியல். ஜேஸ்டோர் ஆய்விதழ்க் கட்டுரைகளின் தொகுப்பு. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் நடத்தும் சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் களஞ்சியம்.

ஆகவே தேடத் தொடங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நான் தட்டும் சொல் நூலின் உள்ளே இருக்கும் சொல்லா, நூலைப் பற்றி நூலகர் எழுதிய சொல்லா? ‘பாலைக்கலி’ என்ற சொல்லை மதுரைத் திட்டத்தின் கோப்பில் தேடுவது பயனுள்ள செயல். அதையே ஒரு நூற்பட்டியலில் தட்டினால், அந்தச் சொல் முகப்புப் பக்கத்தில் அச்சான நூல்கள் மட்டுமே கிடைக்கும்.

நூலைப் பற்றி நூலகர் எழுதும் குறிப்புக்கு நீண்ட மரபு உண்டு. சீர்காழியில் பிறந்து, 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. பட்டியல் அட்டை அந்த விதிக்காகவே உழைத்தது. ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, நூற்பெயரில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை, புனைபெயரில் தேடி வருபவரை இயற்பெயருக்கு அனுப்பும் வழிகாட்டி அட்டை ஒன்று என்று இழுப்பறைகளில் அடுக்கிவைத்தார்கள். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஆவ்ரம் உருவாக்கிய ‘மார்க்’ வடிவம், அட்டையின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துக் கணினி படிக்கும்படி மாற்றியது. முதன்மை ஆசிரியர் 100, நூற்பெயர் 245 என்று இன்றும் அதே எண்கள் வழங்குகின்றன. மேம்பட்ட தேடல் என்ற பக்கத்தில் ‘ஆசிரியர்’, ‘நூற்பெயர்’, ‘பொருள்’ என்று தனித்தனிப் பெட்டிகள் இருப்பதற்குக் காரணம் இதுவே. ‘பாரதி’ என்று பொதுப்பெட்டியில் தட்டுபவருக்குப் பாரதி எழுதியவையும், பாரதியைப் பற்றியவையும், பாரதி பெயர் கொண்ட பதிப்பகங்கள் வெளியிட்ட சமையல் நூல்களும் சேர்ந்தே வரும். அதே சொல்லைப் பொருள் பெட்டியில் இட்டால் அவரைப் பற்றிய நூல்கள் தனியே பிரிந்து நிற்கும்.

இனித் தமிழுக்கே உரிய சிக்கல்களுக்கு வருகிறேன். அவற்றுள் முதலாவது பெயர். நம் மாணவர் தேடும் பதிப்பாசிரியரின் பெயர் ‘தாமோதரம்பிள்ளை’ என்று சேர்ந்தும், ‘தாமோதரம் பிள்ளை’ என்று பிரிந்தும், ‘தாமோதரனார்’ என்று பிற்காலத் தூய தமிழ் வழக்கிலும் எழுதப்படுகிறது. முன்னெழுத்துகள் ‘சி. வை.’ என்று இடைவெளியோடும், ‘சி.வை.’ என்று நெருங்கியும் வரும். ஆங்கிலத்தில் அவர் ‘சி. டபிள்யூ.’ ஆகிவிடுகிறார். உ. வே. சாமிநாதையருக்கும் இதே நிலைதான். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. என்று நான்கு வடிவங்களும் புழக்கத்தில் உள்ளன. தமிழ் வாசகருக்கு இவை ஒரே மனிதர். இவற்றை ஒன்றோடொன்று இணைத்துவைக்காத தளத்தின் கணினிக்கோ நான்கு மனிதர்கள். புதுமைப்பித்தன் என்றால் சொ. விருத்தாசலம், கல்கி என்றால் ரா. கிருஷ்ணமூர்த்தி என்பதையும் யாரேனும் எழுதிவைத்தால்தான் அது அறியும். பெரிய நூலகங்கள் இதற்காகவே பெயர் நிலைப்படுத்தல் கோப்பு ஒன்றை வைத்திருக்கின்றன. ஓர் ஆசிரியரின் எல்லா வடிவங்களையும் ஒரே பதிவின்கீழ்த் திரட்டி, ஒன்றைத் தலைமை வடிவமாகக் கொள்வது அதன் வேலை. பல நாட்டு நூலகங்களின் அத்தகைய கோப்புகளை ஒன்றுசேர்த்த ‘வியாஃப்’ என்ற தளம் யாரும் பார்க்கத்தக்க வகையில் திறந்தே இருக்கிறது. அங்கே ஒரு வடிவத்தைக் கொடுத்து மற்ற வடிவங்களை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொரு நூலகத்திலும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பது, பத்து நிமிட உழைப்பில் பல நாள் அலைச்சலைக் குறைக்கும்.

பெயரைக் குறைவாகத் தட்டுவதும் நல்ல உத்தி. முன்னெழுத்துகளை விட்டுவிட்டு ‘தாமோதர’ என்று மட்டும் கொடுத்து, அதன் பின் நட்சத்திரக் குறியை இட்டால், அந்த வேர் எழுத்துகளில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் வரும். எல்லாத் தளங்களும் இக்குறியை ஏற்பதில்லை என்பதால், தளத்தின் உதவிப் பக்கத்தை ஒருமுறையாவது படித்துவிட வேண்டும். நீளமான பெயரை முழுமையாகத் தட்டினால் துல்லியம் கூடும் என்று நாம் நினைக்கிறோம். தமிழில், தட்டும் ஒவ்வொரு கூடுதல் எழுத்தும் தவறுவதற்கான கூடுதல் வாய்ப்பாகவே அமைகிறது.

இரண்டாவது சிக்கல், தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில் பதிவாகியிருப்பது. உலகின் மிகப் பெரிய தமிழ் நூல் திரட்டுகளில் சில அமெரிக்காவில் இருப்பதற்குக் கோதுமை ஒரு காரணம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பொதுச் சட்டம் 480இன்படி அமெரிக்கா இந்தியாவுக்கு விற்ற தானியத்துக்கான விலை ரூபாயாகவே செலுத்தப்பட்டது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் காங்கிரஸ் நூலகத்தின் புதுதில்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. இப்படிச் சென்ற தமிழ் நூல்கள் பலவற்றைப் பிற்காலத்தில் ஸ்கேன் செய்து, 2008ஆம் ஆண்டு உருவான ஹாத்தி டிரஸ்ட் தளத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த நூலகங்களின் கணினிகள் நெடுங்காலம் தமிழ் எழுத்தை ஏற்கவில்லை. ஆகையால் பதிவுகள் எல்லாம் ரோமன் எழுத்துபெயர்ப்பில் அமைந்தன. அண்மைக்காலப் பதிவுகளில் தமிழ் எழுத்தும் உடன் வருவதுண்டு. பழைய பதிவுகள் பெரும்பாலும் பழையபடியே இருக்கின்றன.

அந்த எழுத்துபெயர்ப்பு நாம் கடிதங்களிலும் கடைப் பலகைகளிலும் ஆங்கிலத்தில் எழுதும் முறையிலிருந்து வேறானது. ஒலியை அது பொருட்படுத்துவதில்லை. தமிழ் எழுத்து ஒன்றுக்கு ரோமன் எழுத்து ஒன்று என்பதே அதன் விதி. ‘ச’ என்றால் எங்கு வந்தாலும் ‘சி’ என்ற ஆங்கில எழுத்துதான், ‘எஸ்’ வராது. ‘க’ என்றால் எப்போதும் ‘கே’. சங்கத்தில் வரும் ககரத்தை நாம் ‘ஜி’ கொண்டு எழுதிப் பழகியிருந்தாலும், அங்கே அதுவும் ‘கே’தான். ‘ப’ என்றால் ‘பென்’ என்ற சொல்லின் முதலெழுத்து. ‘புக்’ என்பதன் முதலெழுத்து வராது. ‘த’வுக்கு ‘ஹெச்’ சேர்க்கும் வழக்கமும் கிடையாது. எனவே சிலப்பதிகாரத்தைத் தேடுபவர் ‘எஸ்’ஸில் தொடங்கினால் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளைக் காண்பார், ‘சி’யில் தொடங்கினால்தான் தமிழ் மூலங்களுக்குப் போய்ச் சேர்வார். சுப்பிரமணிய பாரதியின் பெயரில் ‘சுப்பிரமணிய’ என்பது ‘சி’யிலும், ‘பாரதி’ என்பது ‘பென்’னின் முதலெழுத்திலும் அடங்கியிருக்கும். நம் தாமோதரம் பிள்ளையும் ‘ஹெச்’ இல்லாத தகரத்தோடுதான் அங்கே இருக்கிறார். ல, ழ, ள மூன்றுக்கும் ‘எல்’ எழுத்தே அடிப்படை. ழகரத்துக்கு அடியில் ஒரு கோடும் ளகரத்துக்கு அடியில் ஒரு புள்ளியும் வேறுபாடு காட்டும். பல தேடுபொறிகள் இந்தக் கோடு புள்ளிகளைப் புறக்கணித்துவிடுவதால் வெறும் எழுத்தைத் தட்டினாலே போதும். அதன் விளைவாக வாலும் வாளும் சேர்ந்தே வரும் என்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த முறையைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாததால், சிகாகோவிலும் வாஷிங்டனிலும் பதிவாகியுள்ள பல்லாயிரம் தமிழ் நூல்கள் தமிழாசிரியர் பலருக்குக் கண்ணில் படாமலே போவதைக் காணும்போது வருத்தம் மேலிடுகிறது. எழுத்துபெயர்ப்பு அட்டவணையை அச்சிட்டுத் தமிழ்த் துறைச் சுவர்கள் தோறும் ஒட்டிவைக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது சிக்கல் சொல்லின் இயல்பிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல் புணரும், திரியும், உருபேற்று வளரும். ‘தமிழ் இலக்கிய வரலாறு’ என்று மூன்று சொற்களாக எழுதுபவரும், ‘தமிழிலக்கிய வரலாறு’ என்று இரண்டாக எழுதுபவரும் ஒரே பொருளைத்தான் குறிக்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் ஒரு தொடரை இட்டு, இதே வரிசையில் தேடு என்று ஆணையிடும் வசதி ஆங்கிலத்தில் மிகப் பயனுள்ளது. தமிழில் அது புணர்ச்சியில் இடறி விழும். நூலின் உள்ளே தேடும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரத்தை’, ‘மரங்கள்’ எவையும் வாரா. ஏனெனில் மகர மெய் அங்கே மறைந்துவிட்டது. ‘மர’ என்று குறைத்தால் மரபும் மரணமும் மரியாதையும் வரிசைகட்டி வரும். இதற்கு ஒரே வழி, தேடுபவர் இலக்கணம் அறிந்தவராக இருந்து ‘மரம்’, ‘மரத்’, ‘மரங்’ என்று மூன்றையும் தனித்தனியே தேடுவதுதான். ரகரத்துக்கு முன் இகரம் இடும் வழக்கமும், கிரந்த எழுத்தை ஏற்பதும் தவிர்ப்பதும் சேர்ந்து ராஜராஜனை இராஜராஜனாகவும் இராசராசனாகவும் பெருக்குகின்றன. இவற்றுக்கு இடையே ‘ஆர்’ என்ற இணைப்புச் சொல்லை இட்டால் ஏதேனும் ஒன்று இருந்தாலும் கொண்டுவா என்று பொருள். ‘அண்ட்’ என்றால் எல்லாம் இருக்க வேண்டும். ‘நாட்’ என்றால் இது இருப்பதை விலக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் வகுத்த தருக்கக் கணிதத்திலிருந்து வந்த இந்த மூன்று சொற்களுள், தமிழ்த் தேடலுக்கு ‘ஆர்’ என்பதே உற்ற துணை. ‘நாட்’டைப் பயன்படுத்துவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும், வேண்டாததை விலக்கப்போய் வேண்டியதும் அதோடு போய்விடும்.

நூற்பெயரிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1887ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பு ‘நல்லந்துவனார் கலித்தொகை’ என்று தொடங்குகிறது. முகப்பில் உள்ளபடியே எழுத வேண்டும் என்பது பட்டியலாளர் பின்பற்றும் நெறி. ஆகவே அகரவரிசையில் உலவுபவர் ககரத்தில் பார்த்துவிட்டு இல்லை என்று திரும்புவார். நூல் நகரத்தில் காத்திருக்கும். பழைய நூல்களின் முகப்புகள் பெரும்பாலும் ‘ஸ்ரீ’ என்றோ, ஆசிரியரின் அடைமொழியோடோ தொடங்குவதால் இந்த அனுபவம் அடிக்கடி நேரும்.

நான்காவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. எனவே அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கணினி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதற்குரிய எண்ணையே பார்க்கிறது. யூனிகோடு முறையில் ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்குத் தனியான ஓர் எண் உண்டு. ஆனால் தட்டுபவர் பலர் ‘ஒ’ என்ற எழுத்தையும் ‘ள’ என்ற எழுத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதே இல்லை. கணினிக்கு ஒன்று ஔவையார். மற்றொன்று ‘ஒளி’யின் முதல் இரண்டு எழுத்துகளில் தொடங்கும் வேறு யாரோ. ‘கௌ’ என்பதை ஒற்றைக் கொம்பும் ககரமும் ளகரமுமாக இட்டு ‘கெள’ என்று எழுதுவதும், துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுவதும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்திலிருந்தும், 2005ஆம் ஆண்டு யூனிகோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் இரு வகையாக உருவாக்கலாம். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஔவையாரைப் பற்றிய நூல்களைத் தேடுபவர் இரு வடிவங்களிலும் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை. பிழையான வடிவத்தைத் தெரிந்தே தட்டுவதற்கு மனம் கூசினாலும், பட்டியலில் அப்படித்தான் இருக்கிறதென்றால் அப்படித்தான் தட்ட வேண்டும்.

யூனிகோடு பரவுவதற்கு முன் உருவான கோப்புகள் இன்னொரு வகை. டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் மாறுபட்ட காலம் அது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் மிகுதியாக வழங்கிய பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல், கணினியின் நினைவில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. பாமினியில் தட்டெழுதப்பட்டுப் பிடிஎஃப் ஆக்கப்பட்ட ஆய்வேட்டைத் திறந்தால் அழகான தமிழ் தெரியும். அதற்குள் ‘தமிழ்’ என்று தேடினால் ஒன்றுகூட அகப்படாது. ஐயம் வந்தால் ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குவியலாக விழுந்தால் காரணம் விளங்கிவிடும். எழுத்துரு மாற்றிகள் கொண்டு தேடுசொல்லைப் பாமினிக்கு மாற்றி அந்தக் கோப்புக்குள் தேடலாம். பல நேரங்களில் அது பலன் தருகிறது.

பக்கங்களை ஒளிப்படமாக்கிய நூல்களில் எழுத்தே கிடையாது; எழுத்தின் படம் மட்டுமே உண்டு. எழுத்துணரி என்ற மென்பொருள் அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக்கினால்தான் உள்ளே தேட முடியும். தமிழுக்கு எழுத்துணரி தாமதமாகவே வந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இந்திய மின்னூலகத் திட்டத்தின் வழியாகச் சேர்ந்த தமிழ் நூல்கள் ஏராளமாக உள்ளன. அவற்றுள் பலவற்றின் உரைக் கோப்பைத் திறந்தால், இம்மொழியை எழுத்துணரி இப்போது படிக்க இயலாது என்ற ஒற்றை வரிக் குறிப்பே இருக்கும். எழுத்துணரி படித்த நூல்களிலும் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டவை தனிச் சிக்கல் தருகின்றன. யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய ணை, லை, ளை, னை வடிவங்களையும், சுழித்தெழுதிய ணா, றா, னா வடிவங்களையும் புதிய எழுத்தில் பழகிய மென்பொருள் வேறு எழுத்தாகப் படித்துவிடும். எனவே பழைய நூலுக்குள் தேடும்போது இந்த எழுத்துகள் வராத சொல்லைத் தேர்ந்துகொள்வது நல்லது. ‘அண்ணாமலை’யைத் தேடுவதைவிட ‘அருணாசலம்’ பரவாயில்லை. அதிலும் ஒரு ணா இருப்பதால் ‘சிதம்பரம்’ இன்னும் பாதுகாப்பானது. தமிழ் விக்கிமூலத்தில் பக்கத்தின் படமும் தட்டெழுத்தும் அருகருகே நிற்பதாலும், தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்திருக்கும் நிலை பக்கம்தோறும் குறிக்கப்பட்டிருப்பதாலும், அங்குள்ள நூல்களில் உள்தேடல் நம்பகமாக இருக்கிறது.

எழுத்து இவ்வளவு ஏமாற்றும்போது எண் கைகொடுக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்குரிய எண் 894.811, கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113. இந்த எண்ணுக்குப் புணர்ச்சியும் கிடையாது, எழுத்துபெயர்ப்பும் கிடையாது. டூயி முறையைப் பின்பற்றும் நூலகத்தின் இணையப் பட்டியலில் அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பெண்ணுக்குரிய பெட்டியில் இதை இட்டால், பெயரை எவ்வகையில் எழுதியிருந்தாலும் அலமாரியின் அந்தப் பகுதி அப்படியே திரையில் விரியும். பொருள் தலைப்பும் இத்தகைய துணையே. தேவையான நூல் ஒன்று கிடைத்தவுடன் அதன் முழுப் பதிவைத் திறந்து, நூலகர் இட்டிருக்கும் பொருள் தலைப்பைச் சொடுக்கினால், ‘தமிழ் இலக்கியம் – வரலாறும் திறனாய்வும்’ என்பது போன்ற ஒரே தலைப்பின்கீழ் வரும் மற்ற நூல்களெல்லாம் வந்துவிடும். அனுபவமுள்ள நூலகர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தேடுகிறார்கள். முதல் தேடல் ஒரே ஒரு நல்ல பதிவைப் பிடிப்பதற்காக; அடுத்த தேடல்களுக்கான சொற்களை அந்தப் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். சோத்கங்காவில் தொடர்புடைய ஆய்வேடு ஒன்று கிடைத்தால், அதன் துணைநூற்பட்டியலும் அதே வகையில் உதவும். அங்கே ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனிக்கோப்புகளாக ஏற்றப்பட்டிருப்பதால், கடைசிக் கோப்பை முதலில் திறப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆண்டை வைத்து வடிகட்டும்போது அவசரம் கூடாது. பழைய நூல்கள் பலவற்றில் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டுமே அச்சாகியிருக்கும். ‘சர்வசித்து வருடம்’ என்றிருந்தால் அது 1827ஆகவும் இருக்கலாம், 1887ஆகவும் இருக்கலாம், 1947ஆகவும் இருக்கலாம். பட்டியலாளர் முடிவுசெய்ய இயலாமல் ஆண்டுப் பெட்டியை வெறுமையாக விட்டிருந்தால், ‘1880 முதல் 1890 வரை’ என்ற வடிகட்டி அந்த நூலை முதலிலேயே வெளியேற்றிவிடும். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வெளியீடுகளில் காணப்படும் திருவள்ளுவர் ஆண்டு, நடப்பாண்டைவிட 31 கூடுதலானது. 1968இல் வந்த நூல் சில பட்டியல்களில் 1999 என்று பதிவாகும் வாய்ப்பு இதனால் ஏற்படுகிறது. ஆண்டை இடாமல் தேடி, வந்தவற்றுள் ஆண்டைக் கண்ணால் பார்ப்பதே பழைய நூல்களுக்கு ஏற்ற முறை.

நூல் அகப்பட்ட பிறகும் அது திறக்காமல் போகலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. இலங்கையில் அது 70 ஆண்டுகள். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் இதற்கு முன்பே பொதுவாகிவிடுகின்றன. அமெரிக்கத் தளங்களோ தம் நாட்டுச் சட்டத்தையும் வாசகர் இருக்கும் நாட்டையும் சேர்த்துப் பார்ப்பதால், அங்கிருப்பவருக்குத் திறக்கும் நூல் சென்னையில் இருப்பவருக்குத் திறக்காது. பூட்டிய நூலுக்குள்ளும் ஹாத்தி டிரஸ்டில் சொல் தேடலாம். எந்தப் பக்கத்தில் அந்தச் சொல் வருகிறது என்பதை மட்டும் அது காட்டும். அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு அச்சுப் படியை நாடலாம். ஆய்விதழ்களைப் பொறுத்தவரை, 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்வழி, 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இந்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. கல்லூரி நூலகரிடம் கேட்டு உள்நுழைவு விவரத்தைப் பெறாத மாணவர்கள், தமக்குத் திறந்திருக்கும் கதவைத் தட்டாமலே கட்டணச் சுவரைக் கண்டு திரும்பிவிடுகிறார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் நூல் அகப்படாவிட்டால், அப்படியொரு நூல் அச்சானது உண்மைதானா, ஆனதென்றால் எந்தப் பெயரில் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதற்குப் பழைய அச்சுப் பட்டியல்களே சான்று. ஜான் மர்டாக் 1865ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் பகுப்புப் பட்டியலும், பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தின் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909ஆம் ஆண்டு வெளிவந்த பட்டியலும் பதிப்புரிமைக் காலம் கடந்தவை. பின்னதில் 1887ஆம் ஆண்டுக்கு உரியவற்றைப் பார்க்கும்போது, நம் மாணவர் அங்குள்ள ரோமன் எழுத்து வடிவங்களை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அருங்காட்சியகத்தின் நூல்கள் இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. சென்னையில் கன்னிமாரா நூலகத்துக்கும் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் எழுதும்போது, ‘கலித்தொகையின் பழைய பதிப்பு இருக்கிறதா’ என்று கேட்பதற்கு மாறாக, முகப்பில் உள்ளபடி நூற்பெயரையும், பதிப்பாசிரியர் பெயரின் எல்லா வடிவங்களையும், ஆண்டையும், எந்தப் பட்டியலில் அதைக் கண்டார் என்பதையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினால், அங்கிருக்கும் நூலகர் நேராக அலமாரிக்கே போக முடியும்.